சம்பா: ராவி ஆற்றங்கரை ஊரும் அதன் பழைய அரசும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பா என்றால் வியட்நாமில் இருந்த அரசுதானே?

அது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. இரண்டு இடத்து அரசர்களும் பெயருக்குப் பின்னால் 'வர்மன்' என்று போட்டுக்கொண்டார்கள். அதனால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். இங்கே நாம் பேசப்போவது இமாசலப் பிரதேசத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சம்பா. 1948 வரை அது தனி சமஸ்தானத்தின் தலைநகரம்.

வர்மன் என்ற பெயரால் பல்லவர்களோடு தொடர்பு ஏதாவது உண்டா?

இல்லை. 'வர்மன்' என்றால் கவசம் உடையவன். அந்தக் காலத்தில் காஷ்மீர் முதல் காஞ்சி வரை, கடல் கடந்தும்கூட, அரசர்கள் விரும்பி வைத்துக்கொண்ட பின்னொட்டு அது. சம்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அதன் இடத்தைச் 'சிங்' பிடித்தது.

ஊர் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது?

பதான்கோட்டிலிருந்து மலைச்சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். கீழே ராவி ஆறு ஓடுகிறது. ராவிக்கு வேதகாலத்துக்குப் பிந்தைய வடமொழி நூல்களில் இராவதி என்று பெயர். ஆற்றுக்கு மேலே படிபோல ஒரு சமதளம், அதன் நடுவே சௌகான் என்ற நீண்ட புல்வெளி. வீடுகளும் கோயில்களும் அரண்மனையும் அந்தப் புல்வெளிக்குப் பின்னால் சரிவில் அடுக்கடுக்காக ஏறுகின்றன.

தெற்கே தௌலாதார் மலைத்தொடர், வடக்கே பீர் பஞ்சால், அதற்கும் அப்பால் செனாப் ஆறு ஓடும் பாங்கிப் பள்ளத்தாக்கு. சமவெளியில் பேரரசுகள் வந்து போய்க்கொண்டிருந்தபோது இந்த அரசு பிழைத்துக் கிடந்ததற்கு முதல் காரணம் இந்த மலைகள்தான்.

இந்த அரசு எவ்வளவு பழையது?

வம்சாவளிக் கதைகள் 6ஆம் நூற்றாண்டுக்குப் போகின்றன. ஆனால் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று கிடைப்பது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேரு வர்மன் காலத்திலிருந்து. அப்போது தலைநகரம் சம்பா கிடையாது. ராவியின் மேற்பகுதியில் உள்ள பிரம்மபுரம், இன்றைய பர்மோர். ஆடு மேய்க்கும் கத்தி (Gaddi) என்ற இனத்து மக்களின் ஊர். மணிமகேஷ் ஏரிக்கு யாத்திரை போகிறவர்கள் இன்றும் இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

மேரு வர்மன் அங்கே தேவிக்கும் விநாயகருக்கும் நந்திக்கும் பெரிய வெண்கலப் படிமங்கள் வார்ப்பித்தார். சத்ராடி என்ற ஊரில் சக்தி தேவிக்கு இன்னொன்று. அவற்றின் பீடங்களில் அரசர் பெயரோடு ஒரு தொழிலாளியின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது: குக்கா. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் உலோகத்தை உருக்கி ஊற்றிய மனிதரின் பெயர் அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான கோயில்களில் சிற்பி யாரென்று தெரியாமலே போய்விட்டது. இந்த ஊரின் வரலாற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். அரசர்களோடு சேர்ந்து வேறு பலரும் பெயரோடு நிற்கிறார்கள்: ஒரு வார்ப்புக்காரர், ஒரு மகள், ஒரு ராணி, ஒரு செவிலித்தாய். கீழே வரும் பதில்களில் அவர்களை அடிக்கடி பார்ப்பீர்கள்.

தலைநகரை ஏன் சம்பாவுக்கு மாற்றினார்கள்?

மாற்றியவர் சாஹில் வர்மன், ஏறத்தாழ 920ஆம் ஆண்டில். ராவியின் கீழ்ப்பகுதியைப் பிடித்த பிறகு, பர்மோரின் ஒடுங்கிய பள்ளத்தாக்கைவிட விரிந்த இடம் தேவைப்பட்டது என்பது நடைமுறைக் காரணம்.

ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் வேறு. படையெடுப்பில் அரசரோடு மகள் சம்பாவதியும் வந்தாளாம். இந்தச் சமதளத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போய், 'இங்கேயே ஊர் கட்டுங்கள்' என்று கேட்டாளாம். நிலம் ஏற்கெனவே பிராமணக் குடும்பங்களுக்குச் சொந்தம். அரசர் பிடுங்கவில்லை, பேரம் பேசினார். ஊரில் நடக்கும் ஒவ்வொரு திருமணத்துக்கும் அந்தக் குடும்பத்தாருக்கு எட்டுச் சக்லி தருவதாக ஒப்பந்தம் ஆனது. சக்லி என்பது சம்பாவின் செப்புக்காசு. சமஸ்தானக் காலத்திலும் இந்த வழக்கம் இருந்ததைப் பழைய அரசு விவரத்தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. அந்தக் காசில் துளையிட்ட காது ஒன்று முத்திரையாக இருக்கும். சாஹில் வர்மனுக்கு வழிகாட்டிய யோகி சர்ப்பட்நாத்தின் அடையாளம் அது.

ஊரின் பெயர் அந்த மகளின் பெயரிலிருந்து வந்தது என்பதே மரபு. சம்பாவதிக்கு ஊரில் தனிக்கோயிலும் இருக்கிறது.

தண்ணீருக்காக ராணி உயிரைக் கொடுத்தார் என்கிறார்களே, அது உண்மையா?

கதை இது. ஊர் கட்டியாயிற்று, தண்ணீர் இல்லை. சரோட்டா ஓடையிலிருந்து மலைச்சரிவில் கால்வாய் வெட்டினார்கள். வாய்க்காலுக்குள் தண்ணீர் நுழைய மறுத்தது. ஓடைத் தெய்வம் பலி கேட்கிறது, அது ராணியாகவோ அரசகுமாரனாகவோ இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகனைக் கொடுக்க மனம் வராத ராணி தானே கிளம்பினார். தோழிப்பெண்களோடு மலையேறி, வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறி, பலோட்டா என்ற ஊருக்கு அருகே கால்வாய் தொடங்கும் இடத்தில் குழியில் இறங்கினார். உயிரோடு மூடினார்கள். தண்ணீர் வந்தது.

உண்மையா என்று கேட்டால், பலியை உறுதிசெய்யும் கல்வெட்டு கிடையாது. ஆனால் ராணி கற்பனைப் பாத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. சாஹில் வர்மனின் மகன் யுகாகர வர்மன் வெளியிட்ட செப்பேட்டில் அவருடைய தாயின் பெயர் நேன்னா தேவி என்று வருகிறது. மக்கள் வாய்வழியே சொல்லிவரும் பெயர் நைனா தேவி. பத்து நூற்றாண்டுகளாக ஒரு பெயர் எழுத்திலும் வாய்மொழியிலும் ஒத்துப்போவது சாதாரண விஷயமில்லை.

அவர் இளைப்பாறிய இடத்தில் சூஹி மாதா சன்னதி இருக்கிறது. அங்கே ஏறும் நீண்ட கற்படிக்கட்டைப் பின்னாளில் ஜீத் சிங் அரசரின் மனைவி ராணி சாரதா கட்டினார். ஒவ்வொரு ஆண்டும் பங்குனி, சித்திரை வாக்கில் சூஹி விழா நடக்கும். பழைய வழக்கப்படி பெண்களும் குழந்தைகளும்தான் போவார்கள், எல்லாச் சாதிப் பெண்களும். படியேறும்போது ராணியைப் பாடிக்கொண்டே போவார்கள். மழை பெய்தும் ஓடை ஓடியும் தண்ணீர்ப் பஞ்சம் என்பது மலை வாழ்க்கையைத் தெரியாதவர்களுக்கு வியப்பாக இருக்கும். மலையூரில் தண்ணீர் கீழே பள்ளத்தில் கிடக்கும், வீடு மேலே இருக்கும். இடைப்பட்ட தூரத்தைத் தினமும் தலைச்சுமையோடு ஏறுகிறவர்கள் பெண்கள். இந்தக் கதையைப் பெண்கள் இத்தனை காலம் விடாமல் பாடிவந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

லட்சுமி நாராயணர் கோயிலில் என்ன சிறப்பு?

அரண்மனைக்கு அருகில் ஒரே வளாகத்தில் ஆறு கற்கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று திருமாலுக்கு, மூன்று சிவனுக்கு. முதன்மையானது சாஹில் வர்மன் எழுப்பிய லட்சுமி நாராயணர் கோயில். கடைசியாக வந்த ராதாகிருஷ்ணர் கோயில் 1825இல் ராணி சாரதா கட்டியது, மேலே படிக்கட்டுக்குச் சொன்ன அதே ராணிதான்.

மூலவர் வெண்பளிங்கு. பளிங்கு கொண்டுவர விந்திய மலைக்குப் போன இளவரசர்கள் வழியில் கொள்ளையரிடம் உயிரிழந்தார்கள் என்றும், யுகாகரன்தான் கடைசியில் கொண்டுவந்து சேர்த்தார் என்றும் ஒரு மரபுக்கதை உண்டு.

போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டியது விமானத்தை. கல் விமானத்தின் மேல் மரத்தால் செய்த குடைகள் கவிழ்ந்திருக்கும். பனி கல்லில் தங்காமல் வழிந்து விழுவதற்கான ஏற்பாடு அது. சமவெளிக் கோயில் அமைப்பு மலைக்கு ஏறியபோது போட்டுக்கொண்ட தொப்பி என்று சொல்லலாம்.

ஊரில் இன்னொரு கோயில், சௌகானுக்கு அருகே உள்ள ஹரிராய். அங்கிருந்த அருமையான விஷ்ணு வெண்கலப் படிமம் 1971இல் திருடுபோனது. நல்லவேளையாக, நாட்டை விட்டுப் போவதற்குள் பம்பாயில் மீட்டுவிட்டார்கள்.

இவ்வளவு பழைய செய்திகள் எப்படித் தெரிய வந்தன?

இமயமலை நாடுகளில் பழைய எழுத்துச் சான்றுகள் இவ்வளவு தப்பிப் பிழைத்த இடங்கள் குறைவு. அந்நியப் படை ஊருக்குள் நுழைந்து சூறையாடியது அரிது என்பதால் செப்பேடுகள் வீடுகளிலும் கோயில்களிலும் பத்திரமாக இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோகல் என்ற டச்சு அறிஞர் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நடந்து அவற்றைப் படித்துப் பதிப்பித்தார். வெளியிலிருந்தும் சான்று உண்டு. காஷ்மீரின் கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ராஜதரங்கிணி, சம்பா அரசர் ஆசடர் 1087-88 குளிர்காலத்தில் மற்ற மலையரசர்களோடு ஸ்ரீநகர் வந்திருந்ததைச் சொல்கிறது.

செப்பேடுகளைவிட என்னை அதிகம் ஈர்ப்பவை நீர்க்கற்கள். மலையூற்று வாயில் நிறுத்திய பெரிய கற்பலகைகள் அவை, உள்ளூரில் பணிஹார் என்பார்கள். சுராஹ், பாங்கிப் பகுதிகளில் நிறைய. கல்லின் நடுவே தண்ணீர் விழும் துளை, சுற்றிலும் வருணன், பாம்பணைப் பெருமாள், நதித்தெய்வங்கள், குதிரை வீரர்கள். இறந்தவர்களின் நற்கதிக்காக உள்ளூர்ச் சிற்றரசர்களான ராணாக்கள் செய்துவைத்த தர்மம்.

தேவி-ரி-கோட்டி என்ற ஊரில் உள்ள கல் 1159-60ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாகபாலர் என்ற ராணாவின் தாய் பல்ஹாவைப் பற்றியது. கணவர் இறந்தபோது அந்த அம்மா உடன்கட்டை ஏறத் துணிந்தார். மகன்கள் தடுத்து நிறுத்தினார்கள். அதன் பிறகு அவர் விரதத்தால் உடலை வருத்திக்கொண்டு, ஏழை எளியவர்களிடம் பரிவு காட்டி வாழ்ந்தார் என்று அந்த வடமொழிப் பாடல் சொல்கிறது. மகன்கள் தீயிலிருந்து தடுத்த ஒரு தாயின் கதையைச் சொல்லும் நீரூற்று! எந்தப் போர் வெற்றிக் கல்வெட்டுக்கும் இல்லாத மதிப்பு இதற்கு உண்டு.

கொடுத்துக் கொடுத்தே அரசை இழந்தவர் ஒருவர் இருந்தாராமே?

பலபத்ர வர்மன், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசுக்கு வந்தவர். தினமும் தானம் கொடுக்காமல் சாப்பிட மாட்டார். அவர் பெயரில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட தானச் செப்பேடுகள் கிடைத்திருக்கின்றன. மக்கள் அவரை மகாபலி, கர்ணன் என்று அழைத்தார்கள். கருவூலம் வற்றிப்போகவே, மகன் ஜனார்த்தனும் அதிகாரிகளும் சேர்ந்து அவரை இறக்கி, ராவிக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் வீடும் கொஞ்சம் நிலமும் கொடுத்து இருத்தினார்கள். அங்கேயும் நிலத்தைத் தானம் கொடுத்தார். பிறகு வீட்டையே அடி அடியாக அளந்து கொடுத்து, வெட்டவெளிக்கு வந்துவிட்டார் என்கிறது மரபு. மகனுக்கு வேறு வழியில்லை, தானம் செய்யவே தந்தைக்குப் பொருள் அனுப்பி வைத்தார்.

அந்த மகன் என்ன ஆனார்?

1620களில் பக்கத்து நூர்பூரின் ஜகத் சிங் படையெடுத்தார். முகலாய அரசவையில் செல்வாக்கு உள்ளவர். சமாதானம் பேச வரச்சொல்லி, பேச்சின் நடுவே குத்துவாளால் ஜனார்த்தனைக் கொன்றார். சம்பா சுமார் இருபது ஆண்டுகள் நூர்பூரின் பிடியில் இருந்தது.

அரண்மனையில் ஒரு கைக்குழந்தை இருந்தது, பிருத்வி சிங். எதிரியின் காவலர்கள் கண்ணில் படாமல் அந்தக் குழந்தையை வெளியே கடத்திக் காப்பாற்றியவர் செவிலித்தாய் பட்லு. குழந்தை மண்டி அரசரிடம் வளர்ந்தது. 1641இல் ஜகத் சிங் ஷாஜஹானுக்கு எதிராகக் கிளம்பி வசமாக மாட்டிக்கொண்ட நேரம் பார்த்து, பிருத்வி சிங் மண்டியும் சுகேதும் கொடுத்த உதவியோடு புறப்பட்டார். குலு, ரோத்தாங், லாகுல், பாங்கி என்று நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி, உயரமான மலைக்கணவாய் ஒன்றின் வழியாகப் பின்பக்கம் இறங்கினார். முன்வாசலை எதிரி காவல் காக்க, கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்தவர் அவர்.

அரசர் ஆன பிறகு பட்லுவை மறக்கவில்லை. கஜியாரில் உள்ள காஜி நாகர் கோயில், மேஹ்லாவின் இடும்பி கோயில், சம்பாவின் சீதாராமர் கோயில் ஆகிய மூன்றும் அந்தச் செவிலித்தாய் எழுப்பியவை என்பது மரபு. கஜியாருக்குப் புல்வெளி பார்க்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஓரத்தில் நிற்கும் மரக்கோயிலில் ஐந்து நிமிடம் நின்று பட்லுவை நினைத்துக்கொள்ளுங்கள்.

முகலாயர்களோடு உறவு எப்படி இருந்தது?

கப்பம் கட்டும் உறவு. அக்பர் காலத்தில் ரிஹ்லு என்ற வளமான தெற்குப் பகுதி பறிபோனது. பிருத்வி சிங் டெல்லிக்குப் பலமுறை போய்வந்தார், ஷாஜஹான் அவருக்கு ரகுவீரர் என்ற ராமர் படிமத்தைக் கொடுத்தார் என்பது சம்பாவின் நம்பிக்கை. அவருடைய மகன் சத்தர் சிங் காலத்தில், 1678இல், கோயில்களை இடிக்கச் சொல்லி அவுரங்கசீப் உத்தரவு அனுப்பியதாகவும், சத்தர் சிங் இடிக்க மறுத்ததோடு முக்கியக் கோயில்களுக்குத் தங்கமுலாம் பூசிய கலசம் வைத்ததாகவும் சொல்கிறார்கள்.

மிஞ்சர் திருவிழா எதற்காக?

மிஞ்சர் என்றால் கதிர். ஆடியில், மழைக்காலத்தில் ஒரு வாரம் நடக்கும். பட்டு நூலிலும் சரிகையிலும் செய்த சின்னக் கதிர்க்குஞ்சத்தை எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்வார்கள். கடைசி நாளில் ரகுவீரர் பல்லக்கு முன்னே போக, அரண்மனையிலிருந்து ராவிக்கரைக்கு ஊர்வலம் போய், தேங்காய், பழம், ஒரு ரூபாய், மிஞ்சர் எல்லாவற்றையும் ஆற்றில் விடுவார்கள். முன்பு எருமையை ஆற்றில் தள்ளும் வழக்கம் இருந்தது, அது நின்றுவிட்டது.

935இல் ஓர் அரசர் காங்ராவை வென்று திரும்பியபோது மக்கள் நெல்லும் மக்காச்சோளமும் கொடுத்து வரவேற்றதில் தொடங்கியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். அதனால் அந்த விவரத்தை அப்படியே ஏற்க முடியாது. நெற்கதிர் விழாவாக ஆரம்பித்திருக்கலாம்.

தெய்வத்துக்கு முதல் மிஞ்சரைச் செய்து தருவது ஊரின் மிர்சா குடும்பம், முஸ்லிம்கள். அவர்களுடைய முன்னோர் ரகுவீரர் படிமத்தோடு டெல்லியிலிருந்து வந்தவர் என்பது குடும்ப மரபு. இன்றைக்கும் அந்தக் கைகள் செய்த கதிர்தான் ரகுவீரருக்கும் லட்சுமி நாராயணருக்கும் முதலில் சாத்தப்படுகிறது.

சம்பா ஏன் ஜம்மு காஷ்மீரோடு சேரவில்லை?

கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது. 1846 மார்ச் 16 அமிர்தசரஸ் உடன்படிக்கையில் ஆங்கிலேயர்கள் ஜம்முவின் குலாப் சிங்குக்கு எழுதிக்கொடுத்த பகுதிகளில் சம்பாவும் இருந்தது. அரசர் ஸ்ரீ சிங் சிறுவர். அமைச்சர் பாகா லாகூருக்கு ஓடி, ஆங்கிலேய அதிகாரி ஹென்றி லாரன்ஸிடம் வாதாடினார். ராவி எல்லை என்கிறீர்கள், எங்கள் நாடு ராவிக்கு இரண்டு பக்கமும் அல்லவா இருக்கிறது என்ற சிக்கல் அவருக்குக் கைகொடுத்தது. முடிவில் குலாப் சிங்குக்கு லகன்பூரும் பதர்வாவும் போயின, சம்பா நேரடியாக ஆங்கிலேயரின் கீழ் வந்தது. ஆண்டுக் கப்பம் 12,000 ரூபாய். இன்றைக்குச் சம்பா இமாசலத்தில் இருப்பதற்கு அந்த ஒரு லாகூர்ப் பயணம் பெரிய காரணம்.

டல்ஹௌசி யாருடையது?

சம்பாவின் நிலம். 1850களின் தொடக்கத்தில் ஐந்து குன்றுகளை ஆங்கிலேயர்கள் வாங்கி மலைவாசத்தலம் கட்டினார்கள், பதிலுக்குக் கப்பத்தில் 2,000 ரூபாய் குறைந்தது. 1864இல் சமஸ்தானத்தின் காடுகளையும் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். வெட்டிய தேவதாரு மரங்கள் ராவியில் மிதந்து சமவெளிக்குப் போயின.

கடைசிக் காலத்தில் சமஸ்தானம் எப்படி இருந்தது?

1901இல் மக்கள் தொகை 1,27,834. சிறிய நாடு, ஆனால் சொந்தமாகப் பல ஏற்பாடுகள். 1887 முதல் இந்தியத் தபால்தலைகள் மேல் சம்பா ஸ்டேட் என்று அச்சிட்டு விற்றார்கள். முதல் அச்சில் சில தலைகளில் ஆங்கில எழுத்துகள் இடம் மாறி ஊர்ப்பெயரே தவறாக விழுந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுவது அந்தத் தவறைத்தான்.

1904இல் அரசரான பூரி சிங் படிப்பில் நாட்டமுள்ளவர். 1908இல் அவர் தொடங்கிய அருங்காட்சியகம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. வோகல் தேடித்தந்த நீர்க்கற்களும் செப்பேடுகளும் அங்கே இருக்கின்றன. ஊருக்கு நீர்மின்சார விளக்கு வந்ததும் அவர் காலத்தில்தான்.

சம்பா ருமால் என்பது என்ன?

கைக்குட்டை என்று பெயர் இருந்தாலும் முகம் துடைக்கும் துணி கிடையாது. தட்டில் வைக்கும் சீர்வரிசையையும் தெய்வத்துக்குப் போகும் காணிக்கையையும் மூடும் சதுரத் துணி. சித்திரக்காரர் கரிக்கோட்டில் உருவம் வரைந்து தருவார், பெண்கள் முறுக்காத பட்டு நூலால் நிரப்புவார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல இருக்கும், முடிச்சே தெரியாது. கண்ணன் ராசலீலை அதிகம் வரும். அரண்மனைப் பெண்கள் செய்தது பஹாரி என்ற மலைநாட்டு ஓவியம் போலவும், கிராமத்துப் பெண்கள் தாங்களே வரைந்து செய்தது அடர்ந்த நிறத்தில் துணிச்சலாகவும் இருக்கும். 2007இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்த சம்பாவின் லலிதா வகீலுக்கு 2022இல் பத்மஸ்ரீ அளித்தார்கள்.

அரசு எப்படி முடிந்தது? அரண்மனைகள் இருக்கின்றனவா?

1948 ஏப்ரல் 15 அன்று மலைச் சமஸ்தானங்கள் சேர்ந்து இமாசலப் பிரதேசம் உருவானபோது சம்பா அதில் ஒரு மாவட்டம் ஆனது. கடைசி அரசர் லட்சுமண் சிங்.

உமேத் சிங் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அகண்ட சண்டி அரண்மனை சௌகானுக்கு மேலே வெள்ளையாகத் தெரியும். அதில் பின்னாளில் அரசுக் கல்லூரி நடந்தது. சிவப்பு நிற ரங் மஹால் கைவினைக்கூடம் ஆனது. அதன் சுவரோவியங்களைப் பெயர்த்து டெல்லி தேசிய அருங்காட்சியகத்திலும் பூரி சிங் அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

காலையில் லட்சுமி நாராயணர் கோயில். அடுத்து பூரி சிங் அருங்காட்சியகத்தில் நீர்க்கற்கள் இருக்கும் பகுதிக்கு நேரே போங்கள், ஓவியங்களைப் பிறகு பார்க்கலாம். வெயில் தாழ்ந்ததும் சூஹி மாதா படிகளில் ஏறுங்கள். படிகள் செங்குத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கத்தான் வேண்டும். ராணியும் அங்கேதான் உட்கார்ந்தாராம். கீழே சௌகானும் ராவியும் ஊர் முழுக்கவும் தெரியும்.